மேல்வீட்டுப் பீரங்கி

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் மனைவி என்னைப் பார்த்து 'அடடா!' என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அப்போது நான் மாடிப்படியில் தலைகுப்புற விழுந்து கிடந்தேன்.

அது கணக்கில் வராது. அது பரிதாப அடடா. நான் ஏங்குவது வேறு அடடாவுக்கு. கண் விரிய, வாய் திறக்க, தன்னை மறந்து சொல்கிற அடடா. அதை என் மனைவி போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கட்டடத்தின் பின்முற்றத்தில், பத்துப் பேர் நடுவே நின்று சொன்னாள். என்னைப் பார்த்து இல்லை. மேல்வீட்டுக்காரருடைய பீரங்கியைப் பார்த்து.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். வயிற்றெரிச்சலுக்கான மாத்திரை எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான்கு வகை விழுங்கிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்த எரிச்சலுக்கு மருந்து எங்கள் கடையில் இல்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். பொம்மை டாங்கி செய்வது என் பொழுதுபோக்கு. பொம்மை என்று நான் சொல்லலாம். நீங்கள் சொல்லக் கூடாது. நிஜ டாங்கியில் ஆறில் ஒரு பங்கு. நீளம் ஒரு மீட்டருக்கு மேல். எடை நாற்பத்தைந்து கிலோ. ரிமோட்டை அழுத்தினால் ஓடும், திரும்பும், தலையைச் சுழற்றும், சத்தம் போடும். மூன்று வருஷமாகச் செய்கிறேன். எங்கள் வீட்டில் அதை வைக்க இடமில்லாததால் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டை வைக்க இடமில்லாததால் நாங்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம்.

இந்த ஊரில் என்னைப் போல இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். சங்கம் கூட வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி. எங்கள் பத்துப் பேருக்கும் ஒரே ஒரு குறை. உதைப்பு.

நிஜ டாங்கியில் குண்டு வெடித்ததும் பீரங்கிக் குழல் கண்மூடித் திறப்பதற்குள் வெடுக்கென்று பின்னால் போகும். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி மெல்ல நகர்ந்து முன்னால் வரும். வேகமாகப் போக வேண்டும், மெதுவாக வர வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கிறது இல்லையா? செய்து பாருங்கள், தெரியும்.

நான் செய்தேன். மோட்டார் குழலைப் பின்னால் இழுக்கும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். ஐந்து வார உழைப்பு. ஒருநாள் சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்ததும், கைப்பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் நிறுத்தி வைத்து, பொத்தானை அழுத்திக் காட்டினேன். குழல் 'உர்ர்ர்ர்' என்று மெல்லப் பின்னால் போனது. போய் நின்றது. பிறகு 'டப்' என்று முன்னால் பாய்ந்தது.

மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னங்க, இது குண்டு போடுதா, இல்ல கொட்டாவி விட்டுத் தும்முதா?"

"விளையாடாதே. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். பின்னால மெதுவாப் போயி, முன்னால வேகமா வருது. தலைகீழா இருக்கே. எங்க மிஷின்ல ஒரு கை உண்டுங்க, அது..."

"உங்க மிஷின்ல சட்டை தைக்கலாம். இது ராணுவம்."

"சரிங்க" என்றாள்.

என் மனைவி 'சரிங்க' என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தையல் தொழிற்சாலையில் மெக்கானிக். அறுபது தையல் மிஷின் அவள் பொறுப்பு. ஒரு மிஷினைப் பிரித்து மாட்டி முடித்ததும், இறுக்கிய திருகாணிக்குப் பக்கத்தில் சிவப்பு நூலால் குட்டியாக ஒரு முடிச்சுப் போட்டு வைப்பாள். அறுபதில் எதைப் பார்த்தாயிற்று, எதைப் பார்க்கவில்லை என்று குழப்பம் வராமலிருக்க. இந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டு. எங்கள் சமையலறைக் குழாயில் ஒரு சிவப்பு முடிச்சு. கதவுத் தாழ்ப்பாளில் ஒரு முடிச்சு. என் மூக்குக்கண்ணாடியின் இடது காதுக் கம்பியில் ஒரு முடிச்சு. வீட்டில் ஓடுகிற எல்லாவற்றையும் அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டதில்லை. ஊசி, நூல், எண்ணெய். என்ன பெரிய இது?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மேல்வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டிலேயே ஓர் அறையில் உட்கார்ந்து பல் பல்லாகச் செய்து கோத்து அனுப்புவார். நேரில் 'சார்' என்போம், முதுகுக்குப் பின்னால் 'பல்செட்டு' என்போம். ஐம்பது வயது. தனிக்கட்டை. தொழிலுக்கு விளம்பரம் மாதிரி முப்பத்திரண்டு பல்லும் வரிசை தப்பாமல் இருக்கும். அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு என் கடைவாய்ப் பல் வலிக்கும்.

அவருடைய டாங்கியும் என் டாங்கியும் ஒரே அளவு. போன மாதம் வரை அவருடையதும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருந்தது. அதனால் நாங்கள் நண்பர்களாக இருந்தோம்.

அன்று முற்றத்தில் டாங்கியை இறக்கி வைத்தார். சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். நானும் மனைவியும் போயிருந்தோம். பொத்தானை அழுத்தினார். 'டமார்!' குழல் வெடுக்கென்று பின்னால் போனது. போனதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். பிறகு பாருங்கள், வெண்ணெய் உருகுகிற மாதிரி, மெல்ல, மெல்ல, மெல்ல, முன்னால் வந்து நின்றது.

"அடடா!" என்றாள் என் மனைவி.

கையை வேறு தட்டினாள்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பீரங்கிச் சத்தத்தில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"எப்படி சார் செஞ்சீங்க?"

பல்செட்டு என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

"ரகசியம் சார். வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

என் மனைவியும் சிரித்தாள். இவர் ஏன் பார்க்க வேண்டும்? அவள் ஏன் சிரிக்க வேண்டும்? உத்தரவாம், உத்தரவு! யார் போட்ட உத்தரவு? என்ன அகம்பாவம்! அந்த நிமிஷமே ஒரு சபதம் எடுத்தேன். கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் அந்த ரகசியத்தை அறிந்து, அதைவிட ஒரு மடங்கு நல்ல உதைப்பு செய்து, ஊர் பார்க்க என் மனைவி வாயிலிருந்து ஓர் அடடாவை வாங்காவிட்டால் நான் மருந்துக்கடைக்காரன் இல்லை.

சாயங்காலம் சமையலறையில் வைத்துத் திட்டத்தைச் சொன்னேன்.

"நீ மேல போகணும்."

"எங்க?"

"பல்செட்டு வீட்டுக்கு. அந்த டாங்கிக்குள்ள என்ன வச்சிருக்கான்னு பாத்துட்டு வரணும்."

"நானா? நீங்க போறது."

"நான் போனா துணி போட்டு மூடிருவான்."

"நான் போனா மூட மாட்டாரா?"

"மாட்டான். உனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நினைச்சுக்குவான்."

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். கத்தியைக் கீழே வைத்தாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஓ. அப்படியா?"

"தப்பா எடுத்துக்காதே. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலை. ஆனா ஒருநாள்ல முடியற வேலை இல்லையே இது. அவர் பகல்ல பல் வேலை பாப்பாரு. ஆறுல இருந்து எட்டுதான் டாங்கி வேலை."

"ஆறுல இருந்து எட்டு போ."

"அப்ப சமையல்?"

"நான் பாத்துக்கறேன்."

"பாத்திரம்?"

"அதையும் பாத்துக்கறேன்."

"துணி மடிக்கணும்."

"தாயே, ராணுவ ரகசியத்துக்கு நடுவுல துணியைப் பத்திப் பேசறியே! எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு."

"சரிங்க" என்றாள். கத்தியை என் பக்கம் தள்ளிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பல்செட்டு எத்தனை மணிக்கு என்ன வேலை பார்ப்பார் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எட்டு மணிக்கு வெங்காயத்தோடு நின்றபோதுதான் தோன்றியது. தோன்றியதும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ரகசியத்தோடு வந்துவிட்டாள்.

"பாத்துட்டேங்க. உள்ள ஒரு சின்னக் கை இருக்கு. தையல் மிஷின்ல முன்னால ஒரு கை ஏறி இறங்குமில்ல, நூலைத் தூக்கி இழுக்கறது? அதே கைதான். அது இறங்கும்போது மெதுவா இறங்கும், ஏறும்போது வெடுக்குன்னு ஏறும். ஊசிக்கு அப்படித்தான் வேணும். அந்தக் கையைப் படுக்க வச்சுக் குழலோட இணைச்சிருக்கு. வெடுக்குன்னு பின்னால, மெதுவா முன்னால. அவ்வளவுதாங்க விஷயம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பைத்தியமே! உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான். நீ தையல் மிஷின்காரின்னு தெரிஞ்சுக்கிட்டு, உனக்கு ஏத்த மாதிரி ஒரு கதையை அவுத்து விட்டிருக்கான்."

"என் கண்ணால பாத்தேங்க."

"டாங்கிக்குள்ள தையல் மிஷினா? கேட்டா சிரிப்பாங்க. நிஜ ரகசியம் வேற எங்கேயோ இருக்கு. அதைக் கண்டுபிடி."

"அப்ப நாளைக்கும் போகணுமா?"

"கண்டிப்பா."

"எத்தனை நாளைக்கு?"

"கண்காட்சி வரைக்கும்."

"நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"நான்தான் சொல்றேன். போ."

போனாள். தினமும் போனாள். ஆறு அடிப்பதற்குள் போய்விடுவாள். நான் உருளைக்கிழங்கு உரித்தேன். எனக்குத் தெரிந்த காய் அது ஒன்றுதான். திங்கள்கிழமை வேகவைத்தது, செவ்வாய்க்கிழமை வறுத்தது, புதன்கிழமை வேகவைத்து வறுத்தது. தலைக்கு மேலே பல்செட்டின் தரை. அதாவது எங்கள் கூரை. அங்கேயிருந்து சத்தம் வரும். டக். கொஞ்சம் அமைதி. டக். மறுபடி அமைதி. அப்புறம் ஒரு சிரிப்பு. இரண்டு பேர் சிரிப்பு. வியாழக்கிழமை மட்டும் ஏழு தடவை சிரித்தார்கள். என்னோடு அவள் கடைசியாக ஒரே நாளில் ஏழு தடவை எப்போது சிரித்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்குள் உருளைக்கிழங்கு கருகிவிட்டது.

நல்ல உடை உடுத்திக்கொண்டு போனால் சந்தேகப்படலாம். இவள் இருப்பதிலேயே பழையதைத் தேடி உடுத்திக்கொண்டு போனாள். தலையைக்கூட வாரவில்லை. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு யோசித்தேன். பழைய உடையோடு ஒரு வீட்டுக்குப் போகிறாள் என்றால் அந்த அளவுக்குப் பழகிவிட்டாள் என்றுதானே அர்த்தம்? என் வீட்டில்தானே அவள் அப்படி இருப்பாள்? இது அதைவிட மோசம் இல்லையா? அன்று இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொண்டேன்.

பேச்சும் மாறியது. முதல் வாரம் "மேல்வீட்டுக்காரர் சொன்னாரு" என்றாள். இரண்டாவது வாரம் "சார் சொன்னாரு" ஆனது. மூன்றாவது வாரம் ஒருநாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, "நம்ம சார் இருக்காரே, நல்ல கை அவருக்கு. பிடின்னா பிடிச்சுக்கிட்டே இருக்காரு" என்றாள்.

நம்ம சார்! எப்போது அவர் நம்ம சார் ஆனார்? அந்த 'நம்ம'வில் எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம். என் பங்கையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் அதென்ன, பிடித்துக்கொண்டே இருக்கிறார்?

மறுநாள் குப்பைத் தொட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். குப்பை கீழேதான் கொட்ட வேண்டும். அதனால் என்ன? பல்செட்டு வீட்டுக் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"கெட்டியாப் பிடிங்க சார்." என் மனைவியின் குரல்.

"பயமா இருக்கு மேடம்."

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல? விட்டுடாதீங்க... விட்டுடாதீங்க... இப்ப விடுங்க!"

டக்.

"அடடா!" என்றார் பல்செட்டு.

"அடடா!" என்றாள் என் மனைவி.

குப்பைத் தொட்டியோடு நான் இறங்கிய வேகத்தில் பாதிக் குப்பை படியிலேயே கொட்டிவிட்டது. அதையும் நான்தான் பெருக்கினேன்.

கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். என்னவென்று கேட்பது? போகச் சொன்னதே நான். உத்தரவு என்னுடையது, நேரம் என்னுடையது, தேதிகூட நான் சொன்ன தேதி.

அந்த மூன்று வாரத்தில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. எங்கள் சங்கச் செயலாளர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு மேலே ஏறிப் போவதைப் பார்த்தேன். பல்செட்டு வீட்டுக்குப் பெட்டியோடு போகிறார் என்றால் வேறென்ன? பாவம், பல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பொருளாளர் போனார். அப்புறம் மூன்றாவது ஆள், நான்காவது ஆள். இந்த வயதில் எல்லோருக்குமா பல் போகும் என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. விசாரிக்கலாம் என்றால் சங்கக் கூட்டத்துக்குப் போய் மூன்று வாரமாகிறது. கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு நான் உருளைக்கிழங்கோடு இருப்பேன்.

ரகசியம் வந்தபாடில்லை. "நான் முதல் நாள் சொன்னதுதாங்க. வேற ஒண்ணும் இல்ல" என்று மனைவி அதையே பாடினாள். அவளை நம்பிப் பயனில்லை என்று நானே களத்தில் இறங்கினேன். பழைய கார்ச் சாமான் கடையில், கார் கதவைப் பூட்டுகிற மோட்டார் ஒன்றை வாங்கினேன். படு வேகம், படு முரடு. குழலை வெடுக்கென்று இழுக்கும். மெதுவாகத் திரும்பி வருமா என்றால், வராது. அது பின்னாலேயே நின்றுவிடும். நின்றால் நிற்கட்டும்! பல்செட்டிடம் இல்லாத ஒன்றை நான் கொடுக்கப் போகிறேன். நிஜ டாங்கியில் குண்டு வெடிக்கும்போது குழல் மட்டுமா அதிரும்? டாங்கியே ஒரு குலுங்கு குலுங்கும். வெடித்ததும் சக்கரங்களைச் சுற்றிய சங்கிலிப் பட்டை இரண்டும் அரை விநாடி பின்னால் சுற்றும்படி வயரை மாற்றினேன். நாற்பத்தைந்து கிலோவும் சேர்ந்து உதைக்கும். இதற்கு அடடா சொல்லாத மனைவி உலகத்தில் இருக்க முடியாது.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. நீளமாக மேஜை போட்டு, பத்து டாங்கியையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுவர்கள் மூன்று பேர். எதிரே நாற்காலிகளில் நூறு பேராவது இருப்பார்கள். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பல்செட்டுக்குப் பக்கத்து நாற்காலி. தற்செயல் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒவ்வொருவராகச் சுட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் நான் கடைசி. நல்லதாகப் போயிற்று. எல்லோரும் கொட்டாவி விடட்டும், கடைசியில் நான் இடி இடிக்கிறேன்.

முதலில் செயலாளர். 'டமார்!' வெடுக்கென்று பின்னால் போய், மெல்ல முன்னால் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தது பொருளாளர். 'டமார்!' வெடுக்... மெல்ல. அடுத்தது. வெடுக்... மெல்ல. வரிசையாக எட்டுப் பேரும் சுட்டார்கள். ஒன்பதாவது பல்செட்டு. ஒன்பது பீரங்கியும் ஒரே தாளத்தில் போய் ஒரே தாளத்தில் வந்தன. அரங்கமே ஒன்பது தடவை அடடா என்றது. அந்தப் பாவி ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு எனக்கு மட்டும் மறைத்திருக்கிறான்!  ஓங்கிப் பொத்தானை அழுத்தினேன்.

'டமார்!' குழல் பின்னால் போய் நின்றுகொண்டது. டாங்கி ஒரு குலுங்கு குலுங்கியது. பிரமாதம். பின்வாங்கியது. அதுவும் பிரமாதம். ஆனால் அரை விநாடியில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. பின்வாங்கிக்கொண்டே இருந்தது. பொத்தானை மறுபடி அழுத்தினேன். இன்னும் வேகமாகப் பின்வாங்கியது. தான் போட்ட குண்டுக்குத் தானே பயந்து ஓடுகிற டாங்கியை அன்றுதான் ஊர் பார்த்தது. மேஜை விளிம்புக்குப் போய், ஒரு நொடி யோசித்து, பின்பக்கமாகத் தரையில் விழுந்தது.

எல்லோரும் எழுந்து மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"அடடா!" என்றாள் என் மனைவி.

பரிதாப அடடா.

விழுந்ததைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நடுவர்கள் மற்ற ஒன்பது டாங்கிகளின் மேல்மூடியையும் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ரகசியத்தை இப்போதாவது பார்த்துவிடலாம் என்று கழுத்தை நீட்டினேன். பல்செட்டின் டாங்கிக்குள், மோட்டாருக்குப் பக்கத்தில், எண்ணெய் பளபளக்க ஒரு சின்னக் கை. தையல் மிஷின் கை. அதை இறுக்கிய திருகாணிக்குப் பக்கத்தில், சிவப்பு நூலில் ஒரு குட்டி முடிச்சு.

என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இடது காதுக் கம்பியில் அதே முடிச்சு.

அடுத்த டாங்கியில் பார்த்தேன். முடிச்சு. அதற்கடுத்ததில். முடிச்சு. ஒன்பதிலும் முடிச்சு.

மூன்று வாரமாக நான் என் மனைவியை என் மனைவியிடமே உளவு பார்க்க அனுப்பியிருக்கிறேன்.

"ஒன்பதும் ஒரே கை வேலையா இருக்கே, யாரு செஞ்சது?" என்று நடுவர் கேட்டார். ஒன்பது பேரும் முதல் வரிசைப் பக்கம் திரும்பினார்கள். பல்செட்டு எழுந்து நின்று, "மேடம், வாங்க மேடம்" என்று வழி விட்டார். என் மனைவி மேடைக்குப் போனாள். ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஒன்பது ஆண்பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கை தட்டினார்கள். அதுவரை எனக்கு ஒரே ஒரு ஆள் மேல்தான் பொறாமை. இப்போது ஒன்பது பேர் மேலும் வந்தது. கேடயத்தைப் பார்த்ததும் மனைவி மேலும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தேன்.

அவள் கேடயத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"டாங்கிக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தாங்க."

"ஏன் என்கிட்ட மறைச்சே?"

"எங்க மறைச்சேன்? முதல் நாளே வந்து சொன்னேனே, தையல் மிஷின் கைன்னு. சிரிச்சீங்க."

"நீ செஞ்சதுன்னு சொல்லலியே! அப்புறம் அந்த ஆள், உத்தரவு கித்தரவுன்னு..."

"நான்தான் போட்டேன் உத்தரவு. நீங்க யார் செஞ்சதுன்னு என்னைக் கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீங்க அவரைக் கேட்டீங்க. என்னை உளவு பாக்கப் போகச் சொன்னீங்க. சரி, நல்லதாப் போச்சுன்னு போனேன். நம்ம வீட்ல வேலை செய்ய மேஜையும் இல்ல பாருங்க."

"எல்லாருக்கும் செஞ்சு குடுத்திருக்கே. கட்டின புருஷனுக்கு ஒண்ணு செஞ்சு தரணும்னு தோணலியா உனக்கு?"

அவள் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அவங்க கேட்டாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. பல்செட்டு ஒருநாள் அவளை மாடிப்படியில் பார்த்து, 'நீங்க மெக்கானிக்தானே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்' என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கேட்காதது அது. பொறாமையெல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

கேடயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு தாயேன்."

அவள் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. "செஞ்சு தரேங்க. தாராளமா. உங்களுக்கு இல்லாததா?" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஆனா யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்னு வரிசையெல்லாம் சார்தான் பாத்துக்கறாரு. பக்கத்து ஊர்ச் சங்கத்துக்காரங்க வேற கேட்டிருக்காங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. நான் நடுவுல நுழைச்சா நல்லா இருக்காது."

போனேன். வேறென்ன செய்ய? பல்செட்டு முப்பத்திரண்டும் தெரிய வரவேற்றார். பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, விரலை நக்கிப் பக்கம் புரட்டினார்.

"பதினேழாவது சார் நீங்க. இனிமே ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுதான் செய்வாங்க. எப்படியும் ஏழெட்டு மாசம் ஆகும்."

"சீக்கிரம் கிடைக்க வழியே இல்லையா சார்?"

பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டே யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம்கிட்ட யாராவது சிபாரிசு பண்ணாத்தான் உண்டு. அவங்களை நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். அவரை விட்டால் வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.